எதிரிக்கும் ஒரு நாற்காலி

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணாச்சிமாரே, மழை வருமோ என்று வானத்தையும் நாங்கள் எப்போது முடிப்போமோ என்று மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் குளச்சல் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு சங்கதி. சாயங்காலம் வந்து பார்த்தால் எதிரணிக்கு மூன்று நாற்காலி, எங்களுக்கு இரண்டு. நாங்களும் மூன்று பேர்தான். நான் சத்தம் போடவில்லை. பந்தல்காரத் தம்பியைக் கூப்பிட்டு, "மக்களே, டீ குடிச்சியா?" என்று மட்டும் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் இரண்டு நாற்காலி வந்தது. கூடுதலாக வந்ததில் இப்போது என் கைப்பை உட்கார்ந்திருக்கிறது. 'போர்களுக்கு முடிவு கட்டுவது படைபலமா, பேச்சுத் திறமா?' என்பது தலைப்பு. நான் எந்தக் கட்சி என்று இனிமேல் சொல்லவா வேண்டும்?

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி குளச்சல் போரை எடுத்தார். இந்த ஊரில் நின்று அதை எடுத்தால் கைதட்டலுக்குக் கேட்கவா வேண்டும்? நானும் தட்டினேன். 1741இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியை இந்தக் கடற்கரையில்தான் தோற்கடித்தது. நம் ஆட்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து, தூரத்துக்குத் துப்பாக்கி மாதிரி தெரியும்படி வரிசையாக நின்றார்கள் என்று என் ஆச்சி சொல்வாள். அது வரலாறா என்று ஆச்சியிடம் யாரும் கேட்டதில்லை.

ஆனால் அண்ணாச்சி வெற்றித்தூணோடு நின்றுவிட்டார். அவரை நான் அங்கிருந்து பஸ் ஏற்றி, தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் இறக்கிவிடுகிறேன். உதயகிரிக் கோட்டை. உள்ளே மரங்களுக்கு நடுவில் கூரை போன ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது. அதற்குள் ஒரு கல்லறை. கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. யாருக்கு? குளச்சலில் நம்மிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய்க்கு! சண்டை போட வந்தவனுக்கு நம் எழுத்தில் கல்வெட்டு.

அவன் தலையை வாங்கியிருந்தால் அன்றைக்கு யார் கேட்டிருப்பார்கள்? ராஜா அவனுக்கு வேலை கொடுத்தார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தவன் அவன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் கடலைப் பார்த்து நிற்கிறீர்களே வட்டக்கோட்டை, அதைப் பலப்படுத்தியவனும் அவன்தான். கடைசியில் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி ஆகி, 1777இல் இதே மண்ணில் செத்தான்.

"ஒரு ஆளை வேலைக்கு வைத்ததெல்லாம் ராஜதந்திரமா?" என்று அந்தப் பக்கம் தலையை ஆட்டுகிறார்கள். சரி, கம்பெனியின் கதைக்கே வருவோம். 1741இல் தோற்ற டச்சுக்காரன் மறுநாளே கப்பலேறிப் போய்விட்டானா? கொச்சியில் இருந்தான், கோட்டையோடு இருந்தான், ராஜாவின் எதிரிகளோடு உறவாடிக்கொண்டே இருந்தான். அந்தக் கணக்கு தீர்ந்தது 1753இல், மாவேலிக்கரையில், ஒரு காகிதத்தில். ராஜாவின் எதிரிகளுக்குத் துணை போகக் கூடாது, ராஜாவுக்கு ஆயுதம் விற்க வேண்டும் என்பது ஒரு பக்கம். பதிலுக்குக் கம்பெனிக்கு மிளகு. குளச்சலில் பீரங்கி ஓய்ந்து அதுவரை 12 வருடம். நடுவர் ஐயா, எங்கள் கட்சிக்கு இந்த 12 வருடமே போதும். ஆனாலும் எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இரண்டாவதாகப் பேசியவர் கண்ணனே தூது போய்த் தோற்றான் என்றார். கதையை முழுதாகச் சொல்ல வேண்டாமா அண்ணாச்சி? துரியோதனன் கண்ணனுக்கு ஆசனம் போட்டான், உண்மைதான். ஆசனத்துக்குக் கீழே குழி வெட்டி, குழிக்குள் மல்லர்களை இறக்கியிருந்தான். குழியின் மேல் போட்ட நாற்காலியில் எந்தத் தூதன் ஜெயிப்பான்?

அதே அண்ணாச்சி 1938 மியூனிக் ஒப்பந்தத்தையும் விடவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் ஹிட்லரோடு பேசி என்ன கிழித்தார், மறு வருடமே உலகப்போர் வந்ததே என்றார். நியாயமான கேள்வி. அந்த மேசையைச் சுற்றி யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி. வெட்டிக் கொடுத்தது செக்கோஸ்லோவாக்கியாவின் நிலத்தை. அந்த நாட்டுக்காரர்களை விடுதி அறையில் காக்கவைத்து, முடிவை மட்டும் கையில் கொடுத்தார்கள். அதைப் பேச்சுவார்த்தை என்கிறார் அண்ணாச்சி. வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டுப் பாகம் பிரித்தால் நம் ஊரில் அதற்கு வேறு பெயர்.

முதல் உலகப்போரை முடித்த 1919 வெர்சாய் ஒப்பந்தமும் அப்படித்தான். தோற்ற ஜெர்மனிக்கு மேசையில் இடமில்லை, எழுதி முடித்ததை நீட்டினார்கள். 20 வருடத்தில் அடுத்த உலகப்போர். அதற்கு நூறு வருடம் முன்பு, நெப்போலியன் கலக்கிய ஐரோப்பாவுக்காக வியன்னாவில் கூடினார்களே, அங்கே தோற்ற பிரான்ஸும் உட்கார்ந்தது. தலேரான் என்ற அந்த நாட்டு மந்திரி, ஜெயித்தவர்களுக்கு நடுவிலேயே புகுந்து பேரம் பேசினார். அதற்கப்புறம் ஐரோப்பாவில் சண்டையே இல்லை என்று நான் புளுக மாட்டேன். கிரிமியப் போர் இருக்கிறது, வேறு சில இருக்கின்றன. ஆனால் கண்டமே பற்றி எரிந்தது 1914இல்தான்.

இப்போது 1962 அக்டோபர். கியூபாவில் ரஷ்ய ஏவுகணை. 27ஆம் தேதி அமெரிக்க உளவு விமானம் ஒன்று கியூபா மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்துபோனார். படைத் தளபதிகளைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? அன்று இரவு ஜனாதிபதி கென்னடியின் தம்பி ராபர்ட், சோவியத் தூதர் தோப்ரினினைச் சந்தித்தார். நீங்கள் கியூபாவிலிருந்து எடுங்கள், நாங்கள் கியூபாவுக்குள் நுழைய மாட்டோம், துருக்கியில் எங்கள் ஏவுகணையையும் சில மாதங்களில் எடுத்துவிடுகிறோம், ஆனால் துருக்கிச் சங்கதி வெளியே வரக் கூடாது. மறுநாள் சோவியத் தலைவர் குருஷ்சேவ் சம்மதித்துவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு இடம். அந்த நாட்களில் வாஷிங்டனிலிருந்து மாஸ்கோவுக்கு நேர் தொலைபேசி கிடையாது. தூதரகத்திலிருந்து சங்கேதத் தந்தியை வாங்கிப் போக, தந்தி நிறுவனத்தின் பையன் சைக்கிளில் வருவானாம். அவன் வழியில் எந்தப் பெண்ணோடாவது பேச நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வோம் என்று தோப்ரினினே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஊரையே எரிக்கிற குண்டு இரண்டு பக்கமும் தயார், நடுவில் ஒரு சைக்கிள். மறு வருடம்தான் இரு தலைநகருக்கும் நேரடி இணைப்புப் போட்டார்கள். அதுவும் சினிமாவில் வருகிற சிவப்பு டெலிபோன் இல்லை, தட்டச்சு இயந்திரம்.

1971 வங்கதேசப் போரைச் சொல்லாமல் விட்டால் அண்ணாச்சி அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்வார். பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் சரணடைந்தது நம் படையின் வீரம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் டிசம்பரில் போர் வருவதற்கு முன், ஆகஸ்டிலேயே சோவியத்தோடு உடன்படிக்கை போட்டாயிற்று. ஐ.நா. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தம் கேட்டுத் தீர்மானம் வரும்போதெல்லாம் சோவியத் வீட்டோ போட்டது. நம் படை டாக்கா போய்ச் சேர நாள் வாங்கிக் கொடுத்தது அந்தக் கையெழுத்து.

கடைசியாக நம் வீட்டுக் கதை. கச்சத்தீவைப் பேசித்தானே கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். 1974இல் நடந்ததில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. அந்த மேசையில் ராமேஸ்வரம் மீனவருக்கு நாற்காலி இல்லை. ஆனால் 1976 மார்ச்சில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க், நம் தூண்டில்காரர்கள் கலவா பிடிக்கிற இடம், அது இந்தியாவுக்கு என்று இலங்கை ஒப்புக்கொண்டது. இலங்கைக்கும் மூன்று வருட அவகாசம் கொடுத்தார்கள்: ஆறு படகுக்கு மேல் கூடாது, வருடத்துக்கு 2,000 டன்னுக்கு மேல் மீன் கூடாது. ஒரு குண்டு வெடிக்கவில்லை. அங்கே பிடித்த கலவா இன்றைக்கு யார் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறதோ, அண்ணாச்சி வீட்டிலாகவே கூட இருக்கலாம்...

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நிமிடம் தரும்படி மணி அடிக்கிற தம்பியிடமும் கண்ணாலேயே பேசிப் பார்த்தேன், மசியவில்லை. டீ கேட்காமல் விட்டது என் தப்பு. நன்றி, வணக்கம்.