புதிய அறிவியல் புத்தகமும் ஸ்டாஃப் ரூம் பேச்சும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாடத்திட்டம் மாறப்போகிறது என்று செய்தி வந்தால் ஸ்டாஃப் ரூமில் முதலில் எழும் கேள்வி, "கொஸ்டின் பேட்டர்ன் என்ன?" என்பதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், நியாயமான கேள்வி அது.

தமிழ்நாட்டின் பாடத்திட்டத்தை மாற்றியமைத்த பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழுவின் வழிகாட்டலில் எழுதப்பட்ட புத்தகங்கள் 2018இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு வந்தன. மறுவருடம் பத்தாம் வகுப்புக்கு. தாள், படம், கியூஆர் கோடு எல்லாமே பழையதைவிட எவ்வளவோ மேல். விஷயமும் கனமானது. அந்தக் கனம்தான் சிக்கலும். பத்தாம் வகுப்பு அறிவியலில் மட்டும் 23 பாடங்கள். பல உயர்நிலைப் பள்ளிகளில் அத்தனையையும் ஒரே பட்டதாரி ஆசிரியர் நடத்தியாக வேண்டும். அவர் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவராக இருந்தால், தாவரவியலில் வரும் சைலம், புளோயம் படத்தை முந்தின ராத்திரி வீட்டில் வரைந்து பழகிக்கொண்டு வருவார். அப்புறம் மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவு வேறு. அதற்காக, சுமையைக் குறைக்கிறேன் என்று மத்திய அரசின் என்சிஇஆர்டி தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தையும் தனிம வரிசை அட்டவணையையும் எடுத்ததே, அந்த மாதிரி வெட்டு நமக்கு வேண்டாம்.

குவிலென்சின் குவியத் தொலைவு காணும் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் லென்சைப் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாளை நகர்த்தினால், வெளியே நிற்கிற வேப்பமரம் தாளில் குட்டியாகத் தலைகீழாக விழும். ஸ்கேலால் அளந்துவிட்டால் ரெக்கார்டு நோட்டுக்கு வேலை முடிந்தது. ஒருமுறை ஒரு மாணவி, "சார், லென்சில் பாதியைக் கையால் மூடினால் பாதி மரம்தானே தெரியும்?" என்றாள். மூடிப் பார்த்தோம். முழு மரமும் தெரிந்தது, கொஞ்சம் மங்கலாக. ஏன் என்று வகுப்பே சண்டை போட்டதில் அன்றைய ஸ்லிப் டெஸ்ட் நடக்கவில்லை.

அந்தச் சண்டைக்கு மதிப்பெண் எங்கே? எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையில் யாருக்கும் குறைத்துப் போட மனசு வராது. எழுத்துத் தேர்வில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே சொல்லும் ப்ளூ பிரிண்ட்டை நீக்கினார்கள், புத்தகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம் என்றார்கள். சரி, நல்ல முடிவுதான். ஆனால் மூலைகளிலிருந்து வந்த கேள்விகளிலும் பெரும்பாலானவை "வரையறு", "வேறுபடுத்துக" ரகம். ஆகவே பாடத்தின் கடைசியில் இருக்கும் புக் பேக் கேள்விகளை மனப்பாடம் செய்தவர்கள் இப்போது உள்பக்கங்களையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறார்கள்.

பிளஸ் ஒன் கதையும் இதேதான். பல பள்ளிகள் அந்தப் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ நடத்தியதால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 மாநிலக் கல்விக் கொள்கையோடு அது போய்விட்டது. பிள்ளைகள் மூச்சு விடட்டும் என்கிறார்கள் சில ஆசிரியர்கள். பழையபடி தாண்டத் தொடங்கிவிடுவார்கள் என்கிறார்கள் சிலர். எனக்கு அந்தப் பயம் நியாயமாகப் படுகிறது.

அடுத்த புத்தகம் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சுக்குக் கொடுக்கும்போதே மாதிரி வினாத்தாளையும் கையில் வைத்திருங்கள். சோதனையைச் செய்து பார்த்தவருக்கே விடை பிடிபடும்படி நாலு மதிப்பெண் கேள்வி குறைந்தது இரண்டு அதில் இருக்கட்டும். உயர்நிலைப் பள்ளிக்கு இன்னொரு அறிவியல் ஆசிரியரை புத்தகம் வருவதற்கு முன்பே போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

நன்றி, வணக்கம்.