வாய்ல இருக்குற எண்ணு கைக்கு வர்றப்போ

வணக்கம். இதைக் கேட்டுக்கிட்டே யாராவது துணி மடிச்சிட்டு இருப்பீங்க, யாராவது பாத்திரம் தேய்ச்சிட்டு இருப்பீங்க, பக்கத்துல மூணு வயசோ நாலு வயசோ ஒண்ணு காலைச் சுத்திக்கிட்டே நிக்கும். வேலை முடியற வரைக்கும் இதை எங்கயாவது உட்கார வச்சா தேவலைன்னு தோணும். வேண்டாங்க, அந்த வேலைக்குள்ளயே இழுத்துக்கோங்க. சின்னக் குழந்தைங்களோட 25 வருஷத்துக்கு மேல இருந்தவ நான், இன்னிக்கு சொல்ல வந்தது இது ஒண்ணுதான்.

எண்ணுறதையே எடுத்துக்கோங்க. வீட்டுக்கு யாராவது வந்தா "இருபது வரைக்கும் சொல்லு கண்ணா"ன்னு சொல்லுவோம், அதுவும் மூச்சு விடாம சொல்லும், எல்லாரும் கை தட்டுவோம். நல்லதுதான், ஆனா அது இன்னும் பாட்டுதான், எண்ணிக்கை இல்ல. சந்தேகமா இருந்தா அதே குழந்தைகிட்ட "மூணு ஸ்பூன் எடுத்துட்டு வா"ன்னு சொல்லிப் பாருங்க, நிறைய குழந்தைங்க கைல எத்தனை அடங்குதோ அத்தனையையும் அள்ளிட்டு வந்து நீட்டும்.

என் பேத்தி கதையைச் சொல்றேன். அப்போ அவளுக்கு மூணரை வயசு இருக்கும். நான் துணி மடிச்சிட்டு இருக்கேன், அவ ஒரு சட்டையை மடியில போட்டுக்கிட்டு பட்டன் எண்ணுறா. ஒவ்வொரு பட்டன் மேலயும் விரலை வச்சு அழுத்தி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஒண்ணைக்கூட விடல, எதையும் ரெண்டு தடவை தொடல. "அப்போ மொத்தம் எத்தனை பட்டன்?"னு கேட்டேன். உடனே திரும்ப முதல் பட்டன்ல விரலை வச்சு ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிச்சா. முடிச்சதும் மறுபடி கேட்டேன், மறுபடி ஒண்ணுலேர்ந்து. எத்தனைன்னு கேட்டா எண்ணிக் காட்டச் சொல்றேன்னு நினைச்சிருக்கா, அஞ்சுங்கறது அந்தக் கடைசிப் பட்டனோட பேர் மாதிரி அவளுக்கு, அது மொத்தத்துக்கும் சேர்த்துச் சொல்ற சொல்லுன்னு இன்னும் பிடிபடல.

ரோச்செல் கெல்மன், கேலிஸ்டல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1978லயே எண்ணுறதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு பிரிச்சுச் சொல்லிட்டாங்க. வரிசை மாறாம சொல்லணும், ஒரு பொருளுக்கு ஒரு சொல்லுதான், கடைசியா சொன்ன சொல்லுதான் மொத்தம், இதெல்லாம் அதுல வருது. நமக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியுது, குழந்தைக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா வரணும். இந்த மொத்தம்ங்கற விஷயம் பல குழந்தைங்களுக்கு மூணரை, நாலு வயசு வாக்குலதான் கைகூடும், கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா பயந்துக்க வேண்டாம்.

அதனால நான் அவளை அஞ்சுன்னு சொல்ல வைக்கல. சொல்லிக்கொடுத்திருந்தா சொல்லியிருப்பா, அது இன்னொரு பாட்டாப் போயிருக்கும். அதுக்குப் பதிலா சாப்பிட உட்கார்றப்போ தட்டு வைக்கிற வேலையை அவகிட்ட விட்டேன். தாத்தாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. தொடக்கத்துல ஒவ்வொரு தட்டா நாலு நடை நடப்பா, வேலை சீக்கிரம் ஆகாது, பரவால்லைங்க, ஆகட்டும். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ராத்திரி எங்க எல்லார் மூஞ்சியையும் பார்த்துட்டு உள்ள போனா, வாசப்படி வரைக்கும் மூணு தட்டோட வந்தா, நின்னா. தட்டைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா, "இன்னொண்ணு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு உள்ள ஓடினா. நாங்க யாரும் வாயைத் திறக்கல.

அந்த வாயைத் திறக்காம இருக்குறதுதான் ரொம்ப கஷ்டம். கேள்வி கேட்போம், குழந்தை யோசிக்கறதுக்குள்ள பதிலையும் நாமளே சொல்லிடுவோம். மேரி பட் ரோன்னு ஒருத்தவங்க வகுப்பறைகள்ல இதைக் கவனிச்சாங்க, கேள்வி கேட்டுட்டு டீச்சருங்க காத்திருக்குறது சராசரியா 1 செகண்டுதான், அதை 3 செகண்டுக்கு மேல இழுத்தா பிள்ளைங்க பதில் நீளமா வருது, தானா பேசுற பிள்ளைங்களும் கூடுறாங்க. மூணே செகண்ட்! மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிக்கோங்க, அப்புறம் வேணும்னா பேசுங்க.

சாக்ஸ் ஜோடி சேர்க்கறதும் இப்படித்தான். எது எதோட சேரும்னு குழந்தையைப் பார்க்க விடுங்க, ஒண்ணு மட்டும் தனியா மிஞ்சினா "இதோட ஜோடி எங்க?"ன்னு கேட்டுட்டு நீங்க தேடாதீங்க, அது தேடட்டும். படி ஏறும்போது ஒரு படிக்கு ஒரு எண்ணு, கால் வைக்கிறப்போதான் சொல்லணும், வாய் முன்னாடி ஓடக்கூடாது.

நேரம் ஆயிடுச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கை காட்டுறாங்க, குளிக்கிற நேரத்தை மட்டும் சொல்லிடறேன். ஒல்லியான உயரமான டம்ளர் ஒண்ணு, அகலமான கிண்ணம் ஒண்ணு குடுங்க. கிண்ணத்துத் தண்ணியை அதோட கண்ணு முன்னாடியே டம்ளர்ல ஊத்தினாலும் இப்போ தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுன்னுதான் குழந்தை சொல்லும், பியாஜேங்கற அறிஞர் இதைப் பத்தி நிறைய எழுதியிருக்கார். தப்புன்னு திருத்தாதீங்க, திரும்பத் திரும்ப ஊத்தட்டும். ஆனா தண்ணி பக்கத்துல குழந்தையைத் தனியா விட்டுட்டு ஒரு நிமிஷம்கூட நகரக்கூடாது, ஃபோன் அடிச்சாலும் சரி, கதவு தட்டினாலும் சரி. தூங்கப்போறப்போ சொல்ற கதையைப் பத்தியும் பேசணும்னு எழுதி வச்சிருந்தேன், அதுக்கு இடமில்லாமப் போச்சு. வணக்கம்.