தமிழ் எண்ணில் ஒரு கடிகாரம் வரையலாம்

[திரையில்: வெள்ளைத் தாள், பென்சில், கத்தரிக்கோல், சின்னக் கிண்ணம்]

வணக்கம். மொரீஷியஸில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு கிரியோல்தான். சுவரைக் காட்டி என்ன என்று கேட்டால் ‘லோர்லோஸ்’ என்பார்கள். கடிகாரம் என்ற சொல் அவர்கள் வாயில் ஒட்டவேண்டும் என்றால், ஒருமுறை அதைக் கையால் வரையவைத்துவிடுவேன்.

கிண்ணத்தைக் கவிழ்த்து, விளிம்பை ஒட்டிக் கோடு போடுங்கள். வட்டம் வந்துவிட்டது. அதை வெட்டி எடுத்துப் பாதியாக மடியுங்கள், மறுபடி பாதியாக மடியுங்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டு மடிப்புக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நடுப்புள்ளி.

[திரையில்: மடிப்புக் கோடுகள் நெருக்கத்தில்]

இந்த மடிப்பு வேறொரு வேலையும் செய்கிறது. சிறுவயதில் நான் கடிகாரம் வரைந்தபோது 1-இல் தொடங்கி வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். 12 போய் 7 இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது; மிச்ச இடம் மொட்டையாகக் கிடந்தது. அதனால் முதலில் மடிப்பு தொடும் நான்கு முனைகளில் மட்டும் எழுதுங்கள்: மேலே ௰௨, வலப்பக்கம் ௩, கீழே ௬, இடப்பக்கம் ௯. அப்புறம் ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டிரண்டு எண்கள்.

இந்த எண்கள் புதிதாகத் தெரிகிறதா? சட்டைப்பையில் 25 ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். நம் நாட்டு நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு, தமிழ் எண்ணும் உண்டு. எழுதுவதும் எளிதுதான். ௧ என்றால் க, ௨ என்றால் உ, ௭ என்றால் எ, ௮ என்றால் அ, ௰ என்றால் ய. பத்தும் இரண்டும் சேர்ந்து ௰௨.

[திரையில்: எண்கள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன]

சரி, முட்களுக்கு வருவோம். பெரிய முள் விளிம்பை எட்டட்டும், சின்ன முள் அதில் பாதி. நீளத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் எத்தனை அழகாக வரைந்தாலும் மணி பார்க்க முடியாது.

நாலரை வரையச் சொன்னால் பத்தில் எட்டுப் பிள்ளைகள் பெரிய முள்ளைச் சரியாக ௬-இல் வைத்துவிட்டு, சின்ன முள்ளை ௪-இன் மேலேயே நட்டுவைப்பார்கள். அங்கேதான் படம் பொய்யாகிறது. சின்ன முள் ஒரு மணி நேரத்தில் 30 பாகை நகரும். அரை மணியில் 15 பாகை. ஆக அது ௪-க்கும் ௫-க்கும் நட்டநடுவில் நிற்கவேண்டும்.

இதற்குக் கணக்கே வேண்டாம், தமிழே சொல்லிவிடும். பிரெஞ்சில் நாலேமுக்காலை ‘ஐந்து மணிக்குக் கால் குறைவு’ என்பார்கள். நாம் நாலு, அதோடு முக்கால் என்கிறோம். சின்ன முள் நிற்கும் இடமும் அதுதான்: ௪-ஐத் தாண்டி முக்கால் தூரம். பெரிய முள் ௯-இல்.

[திரையில்: முட்கள் இல்லாத கடிகாரம்]

இப்போது ஏழேகால் வரையுங்கள். பெரிய முள் ௩-இல். சின்ன முள் எங்கே? வீடியோவை நிறுத்திவிட்டுப் பென்சிலை எடுங்கள்.

[திரையில்: பத்து விநாடி அமைதி. பிறகு ௭-ஐத் தாண்டிக் கால் தூரத்தில் சின்ன முள் தோன்றுகிறது]