சித்த நேரம் கம்முனு

நேயர்களுக்கு வணக்கம். நான் கல்லூரியில் உளவியல் பாடம் நடத்துகிறவள். ஒரு மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தால், அங்கேயும் யாராவது கிடைக்கமாட்டார்களா என்று பார்க்கிற ரகம். பேசினால்தான் எனக்குக் களைப்பே போகும். இப்படிப்பட்ட ஒருத்திக்கு வாய்த்த வீட்டுக்காரர் எப்படி இருப்பார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

என் தம்பி கல்யாணம் காங்கேயம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் அக்கா என்பதால் இணைச்சீர் என்ற சடங்கைச் செய்யவேண்டிய இணைச்சீர்க்காரி நான்தான், அதனால் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒறம்பரை என்று நாங்கள் சொல்லும் சொந்தக்காரர் கூட்டம், மேளம், அது ஓய்ந்தால் ஸ்பீக்கர் பெட்டி. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது இவரைக் காணோம். ஒரு பெரியம்மா என் காதோடு, "மாப்பளைக்கு ஏதோ மனத்தாங்கலாட்ட இருக்குது அம்மிணி, போய்ப் பாரு" என்றார். தேடிப்போனேன். மண்டபத்துக்குப் பின்னால், புளியமரத்தடியில் நிறுத்தியிருந்த காருக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் போன்கூட இல்லை.

"ஏனுங்க, இங்க வந்து உக்காந்துட்டீங்க?"

"சித்த நேரம் கம்முனு இருந்துட்டு வர்றேன் அம்மிணி. நீ போ."

சொன்னபடி அரை மணி நேரத்தில் வந்தார். கடைசிப் பந்தி வரை நின்று பரிமாறினார். ஆனால் ஒரு வாரம் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் சனம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நானே முடிவுகட்டிவிட்டேன். உளவியலில் பட்டம் வாங்கிப் பல வருடம் ஆகியிருந்தது அப்போது. படிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்!

அகமுகம், புறமுகம் (ஆங்கிலத்தில் இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட்) என்று மனிதர்களின் இயல்பைப் பிரித்துப் பேசியது சுவிட்சர்லாந்துக்காரரான கார்ல் யுங். 1921-இல் வந்த அவருடைய புத்தகத்தால்தான் இந்தச் சொற்கள் பரவின. மனத்தின் ஓட்டம் உள்நோக்கித் திரும்புகிறதா, வெளியே இருக்கிற மனிதர்கள்மேலும் பொருள்கள்மேலும் போகிறதா என்பதுதான் அவர் பார்த்தது. கூச்சம் என்பது வேறு சங்கதி. கூச்சப்படுகிறவருக்கு நாலு பேர் முன்னால் பயம். அகமுகர் என்றால் பயம் இருக்கவேண்டும் என்றில்லை. மேடையேறி வெளுத்துவாங்குவார், இறங்கியதும் ஆளைக் காணாது.

ஏன் இப்படி? 1967-இல் ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஏற்பாடு அகமுகர்களுக்கு முதலிலேயே கொஞ்சம் முடுக்கிவிட்டபடி இருக்கிறது, அதனால் வெளியிலிருந்து வரும் சத்தமும் பேச்சும் சீக்கிரமே மிஞ்சிப்போகின்றன; புறமுகர்களுக்கு அது மந்தமாக இருப்பதால் வெளியிலிருந்து கிளறிவிட ஆள் தேவைப்படுகிறது என்பது அவர் கட்சி. இதற்காக நாக்கில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். அகமுகர்களுக்குத்தான் அதிகம் ஊறியது. பிற்பாடு வந்த ஆராய்ச்சிகள் விஷயம் இவ்வளவு எளிதில்லை என்று காட்டிவிட்டன. இருந்தாலும், எலுமிச்சம்பழ ஊறுகாயை எங்கள் வீட்டுக்காரர் ஏன் தொடுவதே இல்லை என்று யோசித்து நான் சிரித்துக்கொண்டது உண்டு.

அந்த ஒரு வாரக் கோபம் தணிந்த பிறகுதான் என் மாமனாரை நினைத்துப் பார்த்தேன். அவரும் இதே ஆள்தான். ஆனால் அவரை யாரும் தலைக்கனம் பிடித்தவர் என்று சொன்னதில்லை. காரணம், அவருக்குத் தோட்டம் இருந்தது. வீட்டில் ஒறம்பரை வந்து உட்கார்ந்து பேச்சு நீண்டால், "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்று எழுந்துவிடுவார். ராத்திரியில் மும்முனைக் கரண்ட் வரும் நேரமென்றால் மோட்டார் போடப் போய்விடுவார். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலில் தண்ணீர் முறை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு டார்ச் லைட்டும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு விடிய விடிய மடையில்தான். தண்ணீர் தன்பாட்டுக்கு வயலில் பாயும், அவர் வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காபி கொண்டுபோன நான், "மாமா, மோட்டார் தானா நிக்கிற மாதிரி டைமர் வெச்சுக்கலாமே" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். எதற்கு அப்படிப் பார்த்தார் என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆனது.

அவருடைய தனிமைக்கு வேலை என்று ஒரு பெயர் இருந்தது, யாரும் விளக்கம் கேட்கவில்லை. மகனுக்கு அந்தப் பெயர் இல்லை. திருப்பூரில் லைன் வீட்டில் ஒரே அறையில் நாலு பேரோடு இருக்கிற பனியன் கம்பெனிப் பையனுக்கும் இல்லை. ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் பேக்கரி ஓரமாக, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறவர்களைப் பாருங்கள். அதில் பாதிப் பேர் அப்படி மடையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடத்தினார்கள், 2018-இல் வெளிவந்தது. 15 நிமிடம் ஒருவரைத் தனியே உட்காரவைத்தால் கோபம், படபடப்பு எல்லாம் தணிகின்றன. கூடவே குதூகலமும் இறங்குகிறது. உலை கொதிக்கும்போது அடுப்பைச் சிறிதாக்குவது போலத்தான்.

என் மாமியார் கதை இதற்கு நேரெதிர். எங்கள் பக்கம் வீடுகள் நெருக்கமாக இருக்காது, அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை, அதாவது தோட்டத்து வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இருந்தாலே பெரிது. மாமியாருக்குச் சந்தைநாள் என்றால் காலையிலேயே முகம் மலர்ந்துவிடும். வீட்டில் உப்பு, மிளகாய் எல்லாம் இருந்தாலும் போவார். சின்ன வெங்காயம் தாள் அறுக்கிற நாளில் கூலி ஆட்களோடு தானும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். சாயங்காலம் பார்த்தால் காலையில் இருந்ததைவிடத் தெம்பாக இருப்பார்.

மாமனார் காலமாகி, மாமியாருக்கு முழங்கால் வலியும் வந்த பிறகு நாங்கள் செய்த காரியம் என்ன தெரியுமா? நல்ல மெத்தை, பெரிய டிவி எல்லாம் வாங்கிப்போட்டு, "நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம் அத்தை, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொன்னோம். மூன்றே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். அரிசிம்பருப்புச் சாப்பாடு என்றால் உயிர், அதுவே இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. கடைசியில் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாதான் கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) ஓரத்து வேப்பமரத்தடியில் போட்டார். காலையிலும் பொழுதோடவும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகவேண்டும். கேனை இறக்கிவைத்து ஆளுக்கு இரண்டு வார்த்தை. யார் மாடு சினை, யார் வீட்டில் நோம்பிக்கு யார் வந்தார்கள் என்பதெல்லாம் இப்போது எங்களுக்கு மாமியார் சொல்லித்தான் தெரிகிறது. சாப்பாடும் இறங்குகிறது.

இதைக் கேட்டுவிட்டு, என்னைப் போன்ற வாயாடிகளுக்கு ஓய்வே வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். 2017-இல் வெளியான ஒரு பின்லாந்து ஆய்வு என் வாயை அடைத்துவிட்டது. கலகலப்பாகப் பழகிய நேரத்தில் எல்லோருக்கும் மனம் உற்சாகமாக இருந்திருக்கிறது. ஆனால் சுமார் மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பு தட்டியிருக்கிறது. இதில் அகமுகர், புறமுகர் என்ற வித்தியாசமே இல்லை. விசேஷ வீட்டிலிருந்து திரும்பிய ராத்திரி ஒன்றுமில்லாத விஷயத்துக்கு நான் ஏன் பிள்ளைகள்மேல் எரிந்துவிழுகிறேன் என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது. இப்போதெல்லாம் வீடு வந்ததும் இவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். எனக்காகவாம். அவருக்கும் ஆயிற்று.

போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. வழக்கம்போல இவரைக் காணவில்லை. இந்த முறை நான் தேடவில்லை. பெரியம்மாவிடம், "காருல இருப்பாருங்க, வந்துருவாரு" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் பாயாசத்தோடு போய்க் கண்ணாடியைத் தட்டினேன். பக்கத்து சீட்டில் என் பெரியப்பா மகன், இவருக்கு மச்சான் முறை, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக இருக்கிறார்கள் என்று கேட்டேன். முக்கால் மணி நேரமாம். அதுவரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். நான் இன்னொரு டம்ளர் எடுத்துவர மண்டபத்துக்குத் திரும்பினேன்.