படம் திரும்பிடுச்சு, விரல் இன்னும் திரும்பல

வணக்கம் நேயர்களே, இன்னிக்கு பேச கூப்பிட்ட நிலையத்துக்கு ரொம்ப நன்றி. எங்க வீட்டு கதையிலயே ஆரம்பிக்கிறேன்.

எங்க அம்மாவுக்கு பழைய தொடர்கதைங்கள ஸ்கேன் பண்ண பிடிஎஃப்ல படிக்கிறதுன்னா உயிர். மடக்கி டேப்லெட் மாதிரி வெச்சிக்கிற லேப்டாப் ஒண்ணு இருந்துச்சு, அதுல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டு, ஸ்கிரீன புத்தகம் மாதிரி நெட்டா திருப்பி கையில குடுத்துட்டேன். கொஞ்ச நேரத்துல கூப்பிடுறாங்க, "இங்க வாடா, மேல தள்ளினா பக்கம் நகரவே மாட்டேங்குது, எனக்குத்தான் தொடத் தெரியல போல"ன்னு. அந்தக் கடைசி வார்த்தை எனக்கு சுருக்குன்னு தச்சுது. ஏன்னா தப்பு அவங்க விரல்ல இல்ல, நான் பாதி வேலையில விட்டதுதான்.

ஸ்கிரீன்னு நாம ஒண்ணா சொல்றோம், ஆனா அதுல ரெண்டு பொருள் இருக்கு. படம் காட்டுற பேனல் ஒண்ணு, அதுமேல தொடுறத உணர்ற கண்ணாடி இன்னொண்ணு. அந்தக் கண்ணாடிய ஒட்டி வெச்ச கிராஃப் பேப்பர்னு நெனச்சிக்கோங்க, ஃபேக்டரியில எந்த மூலை பூஜ்யமோ கடைசி வரைக்கும் அதே மூலைதான் பூஜ்யம். லினக்ஸ்ல ஸ்கிரீன் படத்த திருப்புற கமாண்ட் எக்ஸ்-ராண்டர், அதுல 'லெஃப்ட்'னு குடுத்தா படம் மட்டும் திரும்புது, கிராஃப் பேப்பர் அங்கயே நிக்குது. அதனால மேல இடது மூலைய தொட்டா கீழ இடது மூலையில இருக்குறது தொறக்கும், மேல தள்ளினா இடது பக்கம் தள்ளினதா எடுத்துக்கும்.

இதுல ஏமாத்துற விஷயம் ரெண்டு இருக்கு. ஸ்கிரீனோட நட்ட நடுப்புள்ளி எப்படி திருப்பினாலும் நடுவுலயேதான் இருக்கும், அதனால நடுவுல தொட்டு பாத்துட்டு "சரியாத்தானே இருக்கு"ன்னு விட்டுடுவோம். அதே மாதிரி ரெண்டு விரல விரிச்சு பெருசு பண்றது, அது விரலுக்கு நடுவுல உள்ள தூரத்தத்தான் பாக்கும், திசைய பாக்காது, அதனால அதுவும் நல்லாவே வேலை செய்யும். எப்பவும் நாலு மூலையையும் தொட்டு பாருங்க.

லினக்ஸ்ல ஸ்கிரீன், மவுஸ், டச் எல்லாத்தையும் பாத்துக்குற அமைப்பு எக்ஸ் லெவன், அதுல இத சரி பண்ண ஒம்போது நம்பர் போதும், பேப்பர் பேனா இருந்தா எழுதிக்கோங்க. டச், மவுஸ் செட்டிங்க மாத்துற எக்ஸ்-இன்புட் கமாண்ட்ல 'கோஆர்டினேட் டிரான்ஸ்ஃபர்மேஷன் மேட்ரிக்ஸ்'னு, தொட்ட இடத்த மாத்திக் கணக்கு போடுற ஒரு செட்டிங் இருக்கு, லெஃப்ட்டுக்கு முதல் வரிசை 0, மைனஸ் 1, 1, ரெண்டாவது 1, 0, 0, மூணாவது 0, 0, 1. இதுக்கு அர்த்தம் சின்னதுதான், தொட்ட இடம் இடது ஓரத்துல இருந்து எவ்ளோ தூரம்னு சொல்றது எக்ஸ், மேல இருந்து எவ்ளோ தூரம்னு சொல்றது ஒய், ரெண்டும் 0ல இருந்து 1 வரைக்கும் போகும். புது எக்ஸ்னா ஒண்ணுல இருந்து பழைய ஒய்ய கழிச்சது, புது ஒய்ன்னா பழைய எக்ஸ், அவ்ளோதான். தலைகீழா திருப்பினா மைனஸ் 1, 0, 1, அப்புறம் 0, மைனஸ் 1, 1, கடைசி வரிசை அதேதான். நம்பர் வேணாம்னா அதே எக்ஸ்-இன்புட்ல 'மேப் டு அவுட்புட்'னு இருக்கு, ஸ்கிரீன் எப்படி திரும்பியிருக்குன்னு பாத்து கணக்க அதுவே போட்டுக்கும், ரெண்டு மானிட்டர் வெச்சிருக்கவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.

நான் அந்த ஒம்போது நம்பர போட்டேன், தொடுறது சரியாச்சு, சந்தோஷமா அம்மாகிட்ட குடுத்தேன். ஆனா மூணு விரல மேல இழுத்தா தொறந்திருக்குற விண்டோ எல்லாம் வரணும்னு செட் பண்ணியிருந்தேன் பாருங்க, அது மட்டும் இன்னும் இடது பக்கம்னே எடுத்துக்குது. ஒரு ராத்திரி முழுக்க உக்காந்தப்புறம்தான் புரிஞ்சுது, நாம போட்ட ஒம்போது நம்பரும் எக்ஸ் லெவன நடத்துற எக்ஸ் சர்வர் புரோகிராமுக்குள்ளதான் இருக்கு, மூணு விரல் இழுக்குற மாதிரி சைகைய கவனிக்கிற சில ஜெஸ்சர் புரோகிராமோ எக்ஸ் சர்வர கேக்காமலே, அதுக்கும் கீழ விரல் தகவல படிச்சு குடுக்குற லிப்இன்புட் வழியா நேரா எடுத்துக்குது, அதுக்கு நம்ம மேட்ரிக்ஸ் கண்ணுலயே படாது.

அப்ப இன்னும் கீழ இறங்கித்தான் சரி பண்ணணும். ஒரு டிவைஸ் சேர்றப்ப அத எப்படி அமைக்கணும்னு லினக்ஸுக்கு சொல்ற ஃபைலுக்கு யூடெவ் ரூல்னு பேரு, அதுல லிப்இன்புட் கேலிபரேஷன் மேட்ரிக்ஸ்னு ஆறு நம்பர் போடலாம், அதே முதல் ரெண்டு வரிசைதான். இங்க போட்டா எக்ஸ் சர்வரும் ஜெஸ்சர் புரோகிராமும் திரும்பின கணக்கையே வாங்கும். ஆனா மேல போட்டத கட்டாயம் எடுத்துடணும், ரெண்டும் இருந்தா ரெண்டு தடவ சுத்திடும், மறுபடி குழப்பம்தான். இந்த ரூல் டிவைஸ் சேர்றப்ப மட்டும்தான் படிக்கப்படும், அதனால நிரந்தரமா நெட்டா வெச்ச ஸ்கிரீனுக்குத்தான் சரிவரும். நிமிஷத்துக்கு ஒரு தடவ திருப்புறவங்க எக்ஸ் லெவனுக்கு பதிலா வந்த வேலண்டுக்கு மாறிடுங்க, அங்க படத்த திருப்புறதும் தொடுறத திருப்புறதும் கம்போசிட்டர்ங்கிற ஒரே புரோகிராம் கையில இருக்கு.

அம்மா லேப்டாப் எப்பவும் நெட்டாத்தான் நிக்குது, அதனால யூடெவ் ரூலே போட்டுட்டேன். ரீஸ்டார்ட் பண்ணி, நாலு மூலை, ஒரு விரல், மூணு விரல் எல்லாத்தையும் பாத்துட்டு குடுத்தேன். நேத்து அந்தத் தொடர்கதையில மூணாவது பாகம் ஆரம்பிச்சிருக்காங்க.