ஏற்காடு மலைப்பாதையில் ஓடினால் போதுமா? கால்பந்து அணியின் சீசன் முன்தயாரிப்பு பற்றி நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அதை அப்படியே படித்துவிடுகிறேன். "எங்கள் அணி லீக் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏற்காடு அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஓடிப் பயிற்சி எடுக்கிறது. தொழில்முறை அணிகளும் சீசனுக்கு முன் இப்படித்தான் தயாராகின்றனவா? முகாமுக்கு வரும் முப்பது, நாற்பது பேரில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?"

கேட்டவர் இளைஞர் என்பதால் தம்பி என்றே அழைக்கிறேன். தம்பி, நீங்கள் இரண்டு கேள்விகளாகக் கேட்டிருப்பது உண்மையில் ஒரே கேள்விதான். முன்தயாரிப்பு என்றால் உடலை வருத்துவது என்று நம் ஊரில் ஒரு எண்ணம் உண்டு. தொழில்முறை அணிக்கு அந்த ஐந்தாறு வாரங்கள், குறிப்பிட்ட தேதிக்குள் சில முடிவுகளை எடுத்து முடிப்பதற்கான காலம். எந்த இடத்தில் யார் ஆடுவார், அவருக்கு அடிபட்டால் அடுத்தவர் யார், அப்படி ஒருவர் இல்லையென்றால் எங்கிருந்து கொண்டுவருவது என்பவையே அந்த முடிவுகள். ஓட்டம், உடற்பயிற்சி, நட்பு ஆட்டம் எல்லாம் அந்த முடிவுகளுக்குத் தேவையான தகவலைத் தருகின்றன.

ஆகவே எல்லாக் கணக்கும் முதல் லீக் ஆட்டத்தின் தேதியிலிருந்து பின்னோக்கித் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வழக்கமாக ஆகஸ்ட் மாத நடுவில் தொடங்கும் என்பதால், வீரர்கள் ஜூலை முதல் வாரத்தில் கூடிவிடுகிறார்கள். நம் நாட்டின் இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) 2024-25 சீசன் 2024 செப்டம்பர் 13 அன்று தொடங்கியது; அதற்கு முன்பே ஜூலை 27 அன்று டூரண்ட் கோப்பை தொடங்கிவிட்டது. 1888இல் தொடங்கிய அந்தப் பழம்பெரும் போட்டியைப் பல ஐ.எஸ்.எல். அணிகள் முன்தயாரிப்பின் ஒரு பகுதியாகவே பயன்படுத்துகின்றன. தேதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2025இல் கண்கூடாகப் பார்த்தோம். லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வரும் சிக்கலில் அந்த ஜூலை மாதம் ஐ.எஸ்.எல். காலவரையின்றி நிறுத்திவைக்கப்பட்டது. எந்த நாளுக்காகத் தயாராவது என்று தெரியாத நிலையில் சில கிளப்புகள் முதல் அணியின் பணிகளையே நிறுத்திவைத்தன. மைதானமும் இருந்தது, பயிற்சியாளர்களும் இருந்தார்கள். ஆனால் பின்னோக்கி எண்ணுவதற்கு ஒரு தேதி இல்லை.

வீரர் பட்டியலை அமைக்கும் வேலை முகாமுக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்குகிறது. யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதுதான் முதல் பார்வை. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பழைய கிளப் பணம் கேட்டுத் தடுத்து வைக்க முடியாது. கடைசி ஆறு மாதங்களில் அவர் வேறு கிளப்புடன் முன்கூட்டியே ஒப்பந்தம் பேசலாம் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியும் அனுமதிக்கிறது. எனவே, வரும் மே மாதம் யார் போகக்கூடும் என்பதை ஜனவரியிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். அடுத்து, களத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் இருவர், அவர்களுடன் மூன்று கோல் கீப்பர்கள் என்று ஓர் அட்டவணை போடுகிறார்கள். அந்த அட்டவணையில் வெற்றிடம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆள் தேடுவதுதான் ஆள் சேர்ப்பு. நல்ல வீரர் கிடைக்கிறார் என்பதற்காக வாங்குவது வேறு; இடதுகாலில் பந்தைக் கையாளும் சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், நம்மிடம் ஒருவர்கூட இல்லை என்று தெரிந்து, அத்தகைய ஒருவரைத் தேடி வாங்குவது வேறு.

இதில் விதிகளின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் 25 பேர் கொண்ட பட்டியலைத்தான் பதிவு செய்ய முடியும். அதில் உள்நாட்டில் வளர்ந்தவர் என்ற தகுதி இல்லாதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டோர் அந்த 25இல் சேர வேண்டியதில்லை. 21 வயதை எட்டுமுன் மூன்று சீசன்கள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் பதிவாகியிருந்தால், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அவர் அங்கு வளர்ந்தவராகக் கருதப்படுவார். சுமாராக ஆடும் உள்ளூர் இரண்டாம் கோல் கீப்பருக்கு அங்கே ஏன் இவ்வளவு கிராக்கி என்று வியப்பவர்களுக்கு விடை இந்த விதியில் இருக்கிறது.

நம் ஐ.எஸ்.எல். அணிகளில் 2021-22 சீசனிலிருந்து ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் மட்டுமே களத்தில் நிற்கலாம் என்ற விதி வந்தது. பெரும்பாலான பயிற்சியாளர்கள் அந்த நான்கு இடங்களை அணியின் நடுத்தண்டில், அதாவது சென்டர் பேக், நடுக்களம், ஸ்ட்ரைக்கர் என்ற வரிசையில் வைக்கிறார்கள். அதன் விளைவாக, இந்திய இளைஞர்களுக்குப் பக்கவாட்டு இடங்களே அதிகம் திறக்கின்றன. நந்தகுமார் சேகர், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் மாநில வீரர்கள் விங்கர்களாகப் பெயர் பெற்றதில் திறமைக்கு உள்ள பங்கு பெரிது. இந்த விதிக்கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து. இந்திய ஸ்ட்ரைக்கர்கள் ஏன் அருகிவிட்டார்கள் என்ற புலம்பலுக்கும் இதுவே பெரிய காரணம்.

பட்டியல் அமைப்புக்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, இந்தியாவின் மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் 2018-19 பட்டத்தை வென்றது. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ என்று ஸ்பெயினிலிருந்து வந்த வீரர்களைத் தாக்குதலிலும் நடுக்களத்திலும் வைத்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ போன்ற தமிழ்நாட்டு இளைஞர்களை அவர்களைச் சுற்றி நிறுத்தினார். மான்சி அந்த சீசனில் 21 கோல்கள் அடித்தார். பெரிய பணக்கார அணி அல்ல அது. ஒரே கால்பந்துப் பள்ளியில் பழகிய, குறைந்த இடத்தில் பந்தைக் கைமாற்றி ஆடத் தெரிந்த சிலரைச் சேர்த்தே கொண்டுவந்ததால், ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் பிற அணிகளுக்குத் தேவைப்படும் வாரங்களை அவர்கள் மிச்சப்படுத்திக்கொண்டார்கள் என்று நான் கருதுகிறேன். சேலத்திலிருந்து ரயிலேறிப் போய் அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகும் மருத்துவச் சோதனை என்ற வாசலைக் கடக்க வேண்டும். ரூட் வான் நிஸ்டெல்ரோய் 2000ஆம் ஆண்டில் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேரவிருந்தபோது முழங்காலைப் பற்றிய ஐயத்தால் ஒப்பந்தம் தடைபட்டது. சில நாட்களிலேயே பயிற்சியின்போது அதே முழங்காலின் தசைநார் அறுந்தது. அந்த கிளப் அவரை மறக்கவில்லை. 2001இல் சேர்த்துக்கொண்டது, அவர் அங்கே 150 கோல்கள் அடித்தார். முழங்காலைவிட முக்கியமானது இதயம். 2021 ஜூனில் யூரோ கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயத் துடிப்பு நின்று திடீரென்று சரிந்ததை நம்மில் பலர் நேரலையில் பார்த்தோம். அவர் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் கருவியைப் பொருத்திக்கொண்டு 2022இல் இங்கிலாந்தில் மீண்டும் ஆடினார். இ.சி.ஜி., எக்கோ ஆகிய சோதனைகள் தொழில்முறை அணிகளில் சீசன் தொடக்கத்து நடைமுறையாகிவிட்டன. நம் மாவட்ட அணிகளில் ஓர் இ.சி.ஜி.கூட எடுக்காமல் இளைஞர்களைக் கோடை வெயிலில் ஓடவிடுகிறோம் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இனி உங்கள் மலைப்பாதைக்கு வருகிறேன். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் வாழ்ந்து இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்வதற்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும், அங்கேயே மூன்று நான்கு வாரத் தங்கலும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏறி மதியம் இறங்குவதால் அந்தப் பயன் வராது. இத்தாலியின் நாப்போலி அணி மலைப்பகுதியான திமாரோவுக்குப் போவதும், பயர்ன் மியூனிக் அணி தெகெர்ன்சே ஏரிக்கரைக்குப் போனதும் முதன்மையாக உயரத்துக்காக அல்ல. குளிர்ந்த காற்று, நல்ல புல்தரை, வீரர்கள் ஒரே இடத்தில் தங்கிப் பழகும் வாய்ப்பு ஆகியவற்றுக்காகப் போகிறார்கள். ஏற்காட்டின் பயனும் அதுவே. ஆனால் லீக் ஆட்டங்கள் சேலம் வெயிலில் நடக்குமானால், உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் தேவைப்படும். கடைசி இரண்டு வாரங்களை மலையில் கழிப்பது அந்த வகையில் எதிர்விளைவையே தரும்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை, மேட்டில் குறுகிய தூரத்தை வேகமாக ஏறி ஓடுவது நல்ல பயிற்சி; காலில் விழும் அடியும் குறைவு. இறங்கும்போதுதான் சிக்கல். இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் தசை நார்களில் நுண்காயங்கள் ஏற்படுகின்றன. அடுத்த இரண்டு மூன்று நாட்கள் வலி நீடிக்கிறது. புதன்கிழமைப் பந்துப் பயிற்சி வீணாகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட தார்ச்சாலையில், சுற்றுலா வாகனங்களுக்கு நடுவே ஓடுவதன் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மலை ஓட்டத்தை விட மனமில்லையென்றால், போக்குவரத்து இல்லாத ஒரு சிறு மேட்டைத் தேர்ந்தெடுத்து வேகமாக ஏறுங்கள், மெதுவாக நடந்து இறங்குங்கள்.

தொழில்முறை அணிகள் முதல் நாளிலேயே பந்தைத் தொடுகின்றன. போர்ச்சுகலைச் சேர்ந்த வீட்டோர் ஃப்ராடே என்ற பேராசிரியர் வளர்த்தெடுத்து, மொரீன்யோ போன்ற பயிற்சியாளர்கள் பரப்பிய முறையில், உடல்திறனைத் தனியாகவும் ஆட்டமுறையைத் தனியாகவும் பயிற்றுவிப்பதில்லை. இருந்தாலும் ஓர் எச்சரிக்கை தேவை. நால்வருக்கு நால்வர் என்று சிறிய இடத்தில் ஆடினால் திரும்புதல், நிறுத்துதல், துள்ளிக் கிளம்புதல் எல்லாம் நிறைய வரும். ஆனால் முழு வேகத்தை எட்ட இடம் இருக்காது. முழு வேகத்துக்குப் பழகாத ஹாம்ஸ்ட்ரிங் என்ற பின்தொடைத் தசை, சீசனின் முதல் ஆட்டத்தில் எதிரணி விங்கரைத் துரத்தும்போது கிழிகிறது. அதனால் பெரிய மைதானத்தில் முழுவேக ஓட்டத்தையும், முழங்காலிட்டு மெல்ல முன்னோக்கிச் சாயும் நார்டிக் பயிற்சியையும் வாரந்தோறும் சேர்க்கிறார்கள். ஃபிஃபா வகுத்த 'லெவன் பிளஸ்' என்ற இருபது நிமிட வார்ம்-அப்பிலும் இந்தப் பயிற்சி இருக்கிறது. அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

சுமையை அளக்க ஜி.பி.எஸ். உள்ளாடை அணிகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இல்லாமலும் அளக்கலாம். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்தில் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு மதிப்பெண் கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடப் பயிற்சிக்கு 7 என்று ஒருவர் சொன்னால் சுமை 630. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒருவருடைய வாரக் கூட்டல் திடீரென்று எகிறினால் அவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

நட்பு ஆட்டங்களின் முடிவை அதிகம் பொருட்படுத்த வேண்டாம். முதல் ஆட்டத்தில் பாதிக்கு ஓர் அணி, மறுபாதிக்கு வேறோர் அணி என்று ஆளுக்கு 45 நிமிடம் கொடுப்பார்கள். பிறகு 60, 75 என்று ஏற்றி, கடைசி ஆட்டத்தில்தான் உண்மையான பதினொருவர் 90 நிமிடத்தை நெருங்குவார்கள். பயிற்சியாளர் அங்கே பார்ப்பது, பந்தை இழந்த அடுத்த நொடியில் யார் ஓடுகிறார், பழக்கமில்லாத இடத்தில் நிறுத்தினால் யார் சமாளிக்கிறார் என்பதைத்தான்.

பிறகு கழித்தல். இளம் வீரருக்கு ஆட்ட நேரம் வேண்டுமென்றால் கடனாக வேறு அணிக்கு அனுப்புகிறார்கள். விற்க வேண்டியவர்களை முன்கூட்டியே விற்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 2024 கோடையின் செல்சீ உதாரணம்: நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தத்தில் இருக்க, பயிற்சியாளர் மரெஸ்கா ஏறத்தாழ பாதிப் பேருடன் மட்டுமே பயிற்சி நடத்தினார். ரஹீம் ஸ்டெர்லிங் போன்ற அனுபவசாலியே டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாளில்தான் கடனாக ஆர்சனலுக்குப் போனார். மாறாக, லெஸ்டர் அணியில் 2015 ஜூலை நடுவில் பொறுப்பேற்ற ரனியேரி, முன்தயாரிப்பு ஏற்கனவே தொடங்கிவிட்டதால் இருந்த அமைப்பை அதிகம் கலைக்கவில்லை. கான் என்ற பிரெஞ்சு கிளப்பிலிருந்து கான்ட்டே வந்து நடுக்களத்தில் சேர்ந்தார். அந்த சீசனில் அவர்கள் பட்டம் வென்ற கதை உங்களுக்குத் தெரியும்.

உங்கள் அணிக்கு நான் சொல்வது இவ்வளவுதான், தம்பி. லீக்கில் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியை முதலில் கேட்டறிந்து, அதிலிருந்து ஆறு வாரங்கள் பின்னோக்கி எண்ணுங்கள். டிரையல் வைப்பதற்கு முன்பே, எந்த இடத்துக்கு எத்தனை பேர் தேவை என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐந்து ஸ்ட்ரைக்கர்களும் ஒரே ஒரு லெஃப்ட் பேக்கும் கொண்ட அணிதான் கிடைக்கும். இரண்டாவது கோல் கீப்பருக்கு நட்பு ஆட்டத்தில் ஒரு முழுப் பாதியாவது கொடுங்கள். பட்டியலில் இடமில்லாதவரிடம் அந்தக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே நேரில் சொல்லிவிடுங்கள். அவர் வேறு அணியில் பெயர் கொடுக்க நாள் வேண்டும்.