கருக்கலில் இருபது நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

இருட்டு முழுதாக விலகாமல், வெளிச்சமும் முழுதாக வராமல் இருக்கும் நேரத்துக்கு வைகறை, புலரி, விடியல் என்று பல பெயர்கள். எனக்குப் பிடித்தது கருக்கல். அந்த நேரத்தில் வெளியே போய் ஒரு மரத்தடியில் உட்காருவதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நடைப்பயிற்சியைச் சொல்லவில்லை. உட்காருவது என்றால் உட்காருவதுதான்.

நானும் முதலில் நடக்கத்தான் போனேன். மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கடிகாரம், காதில் பாட்டு. அலுவலகத்தில் இலக்கைத் துரத்துவது போதாதென்று விடியற்காலையிலும் ஒரு இலக்கு. ஒருநாள் பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. எரிச்சலோடு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பாட்டையும் நிறுத்திவிட்டேன்.

முதல் சில நிமிடங்கள் ஒன்றுமே இல்லை. என்னைக் கண்டு பறவைகள் அடங்கியிருந்தன என்பது அப்புறம்தான் புரிந்தது. பத்து நிமிடம் அசையாமல் இருந்த பிறகு ஒன்று குரல் கொடுத்தது, பிறகு இன்னொன்று. ஒரு சின்னக் குருவி என் காலுக்கு நாலடி தள்ளி இறங்கி, இலைச் சருகைப் புரட்டத் தொடங்கியது. நடந்துகொண்டே இருந்த மாதங்களில் இதை ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை.

எங்கோ போகும் ரயிலின் சத்தம் பக்கத்தில் கேட்டது. அதற்குக் காரணம் உண்டு. மேகமில்லாத இரவில் தரை குளிர்ந்துவிடும்; அதை ஒட்டிய காற்றும் குளிரும், மேலே இருக்கும் காற்று அதைவிடச் சற்றுச் சூடாக இருக்கும். மேலே போகிற ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வருகிறது. காற்றும் அடங்கியிருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புல்லின் நுனியில் முத்துப் போல ஒரு துளி நிற்குமே, அதைப் பனித்துளி என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பனி இலையின் மேல் பரவலாகப் படிவது. நுனியில் மட்டும் கோத்துவைத்தது போல் நிற்பது பெரும்பாலும் புல்லே வெளியேற்றிய நீர். இரவிலும் வேர் தண்ணீர் எடுக்கிறது. இலைத்துளைகள் மூடியிருப்பதால் ஆவியாகப் போக வழியில்லை. நுனி வழியாகக் கசிகிறது. குனிந்து பார்த்தால் துளிக்குள் வானம் தலைகீழாகத் தெரியும்.

சரி, இதனால் உடம்புக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் போக்கில் விட்டால், பெரும்பாலானவர்களுக்கு அதன் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். தினமும் அதைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அறை விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான பகல் வானம்கூடப் பல ஆயிரம் லக்ஸ் தரும். அதனால் கருக்கலில் போனால் நன்றாக விடியும் வரை இருந்துவிட்டு வாருங்கள். இரவுத் தூக்கத்துக்கு அது உதவும்.

1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைப் பதிவுகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். அதை வைத்து மரமே மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

தன்னைப் பேணுவது என்றதும், நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். நியாயம்தான். விடியற்காலையில் எழுந்ததுமே வீட்டு வேலை பிடித்துக்கொள்கிறவர்களிடம் மரத்தடியில் உட்காரச் சொல்வது எளிது. வீட்டில் இன்னொருவர் அந்த இருபது நிமிடம் வேலையைப் பார்த்துக்கொண்டால்தான் அது நடக்கும். அந்த இன்னொருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம்தான் சொல்கிறேன்.

மரம் இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி போதும். இருட்டில் போவதானால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், புல்லுக்குள் பார்க்காமல் கால் வைக்காதீர்கள். செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

இன்று காலையும் போயிருந்தேன். வெயில் புல்தரையின் ஓரத்தைத் தொட்டதும் அந்தப் பக்கத்துத் துளிகள் முதலில் காணாமல் போயின. நிழலில் இருந்தவை இன்னும் கொஞ்ச நேரம் நின்றன. எழுந்தபோது உடையின் பின்பக்கம் முழுக்க ஈரம்.

வணக்கம்.